திருட்டு வேலை கேட்ட நர்சம்மா

நாள் முழுக்க ஊருக்கு ஊசி போடுகிற ஒரு நர்சம்மா, விளையாட்டில் மட்டும் எனக்குத் திருட்டு வேலைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? எனக்கு வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் கொஞ்சம் வருகிறது. ஏனென்றால் அவர் வேண்டாம் என்று தள்ளிவிட்ட வைத்தியர் வேஷம் நேராக என் தலையில்தான் வந்து விழுந்தது.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. மரக்காணத்தைச் சுற்றியுள்ள குப்பங்களுக்கும் உப்பளத்துத் தெருக்களுக்கும் அவர் நர்சம்மா. எங்களுக்கு நர்சக்கா. ஒருமுறை ஏதோ பேச்சில், "உங்களைப் பத்தி நான் எழுதப்போறேன்க்கா" என்றேன். "எழுது. பேரு மட்டும் போட்டே, தேடி வந்து ஊசி போட்டுடுவேன்" என்றார். போடக்கூடிய ஆள்தான்.

சில வருஷங்களுக்கு முந்தைய கதை இது. எங்கள் ஊரில் மழைக்காலம் வந்தால் உப்புக்காரனுக்கு வேலை கிடையாது. பாத்திகளெல்லாம் முங்கி, உப்பளம் எது கழுவெளி ஏரி எது என்று தெரியாமல் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீராக நிற்கும். எனக்கு உப்பு பாக்கெட் போடும் செட் ஒன்று உண்டு. அந்த மாதங்களில் அங்கே உட்கார்ந்து கொசு அடிப்பதுதான் என் தொழில். செட்டுக்கு மேலே இருக்கும் அறையை அன்வர் பாய் வாடகைக்கு எடுத்திருந்தார். கோட்டக்குப்பத்துக்காரர், மாமியார் வீடு மரக்காணம், பெங்களூர் கம்பெனிக்கு இங்கிருந்தே வேலை பார்க்கிறவர். பெங்களூரில் கற்றுக்கொண்டு வந்த ஒரு ஆட்டத்தை அவர்தான் எங்களுக்குக் காட்டினார்.

காகிதம், பென்சில், பல முகம் வைத்த பகடைகள், அவ்வளவுதான் சாமான். மீதியெல்லாம் வாயால். அன்வர் பாய் கதை சொல்வார்: இங்கே ஒரு கோட்டை, அங்கே ஒரு பூதம், நீங்கள் என்ன செய்கிறீர்கள்? நாம் சொல்ல வேண்டும், பகடையை உருட்ட வேண்டும், விழுகிற எண்ணுக்குத் தக்கபடி பிழைப்போம் அல்லது சாவோம். இதில் ஆளுக்கொரு வேஷம் உண்டு. முன்னால் நின்று அடி வாங்க ஒரு வீரன். பின்னால் நின்று மந்திரம் போட ஒரு மந்திரவாதி. பூட்டுத் திறக்க, பதுங்கிப் போக, கைக்கு அகப்பட்டதைச் சுருட்ட ஒரு திருடன். விழுந்தவர்களை எழுப்ப ஒரு வைத்தியர். இந்த நாலும் இருந்தால்தான் கூட்டம் உருப்படும் என்பது அன்வர் பாயின் கட்சி.

எங்களிடம் மூன்றுதான் இருந்தது. ஃபைபர் போட் வைத்திருக்கும் ஏழுமலை வீரன். ஆள் கருவாடு மாதிரி இருப்பான், ஆனால் கவசம் போட்டு முன்னால் நிற்பதென்றால் அவனுக்கு உயிர். தனியார் பள்ளியில் கணக்கு எடுக்கும் கவிதா டீச்சர் மந்திரவாதி. நான் திருடன். உப்பு வியாபாரிக்கு அந்த வேஷம் தைத்து வைத்தது போலப் பொருந்துகிறது என்று ஏழுமலை சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். வைத்தியர் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் குடும்பத்தோடு செத்துக்கொண்டிருந்தோம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நர்சக்கா வந்தார். டெங்கு காலம். வீடு வீடாகப் புகுந்து தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தவர், என் செட்டின் பின்புறம் கிடந்த லாரி டயரைப் பார்த்துவிட்டார்.

"ஏம்பா, இது உன் செட்டா? டயர்ல தண்ணி நிக்குதே, கொசு வளக்கிறியா? வளத்து என்னா பண்ணப்போறே, பாக்கெட் போட்டு விக்கப்போறியா?"

வாங்கிக் கட்டிக்கொண்டு டயரைக் கவிழ்த்தேன். அதற்குள் அவர் மாடிப்படி ஏறித் தண்ணீர் டிரம்மைத் தேடிப் போய், எங்கள் மேஜையைப் பார்த்துவிட்டார். இருபது முகப் பகடையைக் கையில் எடுத்து, தடுப்பூசி மருந்துக் குப்பியை உருட்டுவது போல உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்டினார்.

"இது என்னா தாயக்கட்டை, இத்தனை மூஞ்சி வெச்சிருக்குது?"

அன்வர் பாய்க்கு முகமெல்லாம் பல். அல்லாவே அனுப்பி வைத்த மாதிரி ஒரு நிஜ நர்ஸ் வாசல்படியில் நிற்கிறாரே! நாற்காலியை இழுத்துப் போட்டு ஆட்டத்தை விளக்கினார். நாலு வேஷத்தையும் விளக்கினார். "ஹீலர் இல்லாமத்தான்க்கா நாங்க தவிக்கிறோம். உங்களுக்கு அது தண்ணிபட்ட பாடு" என்றார்.

நர்சக்கா பகடையை மேஜையில் வைத்தார். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார்.

"அந்தத் திருடி இருக்கறாளே, அவ யாருக்கும் மருந்து குடுக்க வேணாமா?"

"வேணாம்க்கா."

"யாராவது அடிபட்டு விழுந்து கெடந்தா?"

"அவ பாட்டுக்குத் தாண்டிப் போயிடலாம். அவளோட வேலை பூட்டு, பொட்டி, அவ்ளோதான்."

"அப்ப அதான் எனக்கு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

நான் கத்திப் பார்த்தேன். அது என் வேஷம் என்றேன். நர்ஸ் திருடியாக ஆடினால் பார்க்கிறவன் சிரிப்பான் என்றேன். "வாரம் பூரா வைத்தியம் பாத்துட்டு ஞாயித்துக்கிழமையும் நான் வைத்தியம் பாக்கணுமா? உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்குதா தம்பி?" என்று கேட்டார். எல்லோரும் என்னைக் கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அன்றிலிருந்து நான் வைத்தியர். "உப்புக்காரன் கையால வைத்தியமா? காயத்துல அதைத்தானே தடவுவே!" என்று ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டான்.

வேஷத்துக்குப் பெயர் வைக்க வேண்டும் என்றார் அன்வர் பாய். நர்சக்கா யோசிக்கக்கூட இல்லை. "மல்லிகா" என்றார். நல்ல பெயர், எழுதிக்கொண்டோம்.

அந்த மல்லிகா ஆடிய ஆட்டத்தை என்னவென்று சொல்ல! அரசன் வைர கிரீடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மல்லிகா அவன் சமையற்கட்டுக்குள் புகுந்து ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வருவாள். பூதத்தின் குகைக்குள் தங்கம் மலையாகக் குவிந்திருக்கும். அவளுக்கு அதன் தலையணைதான் வேண்டும். "பூதம் தூங்குதுன்னா தலவாணி நல்லா இருக்குதுன்னுதானே அர்த்தம்?" என்று வாதாடுவார் நர்சக்கா. எங்கள் பைகளிலும் கை வைப்பார். கவிதா டீச்சரின் மந்திரக்கோல் ஒரு மாதம் காணாமல் போயிருந்தது. ஆனால் எதைத் திருடப் போனாலும் அதற்கு முன்னால், "கை கழுவிட்டேன், எழுதிக்கோ" என்று அன்வர் பாயிடம் சொல்லாமல் பகடையைத் தொட மாட்டார். திருடிய பிறகும் ஒருமுறை கழுவுவார். எச்சில் பாத்திரத்தைத் திருடவே மாட்டார்.

நிஜத்தில் எப்படி என்றால், கையெழுத்துப் போட என்னிடம் வாங்கிய பால்பாயின்ட் பேனாவை மறந்துபோய் எடுத்துச் சென்றுவிட்டு, மறுநாள் காலை அனுமந்தையில் இருக்கும் தன் வீட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து கொடுத்துவிட்டுப் போன மனுஷி. "இதுக்காகவா வந்தீங்க?" என்றேன். "பின்ன? உன் பேனா என் பையில கெடந்தா எனக்குத் தூக்கம் வருமா?" என்றார். அதே வாயால்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வைத்தியரின் மூலிகைப்பையை அறுத்து எடுத்துக்கொண்டு, "அசந்தா அப்படித்தான்" என்று சிரித்தார். சிரிக்கும்போது மேஜையை உள்ளங்கையால் பட்பட்டென்று தட்டுவார். பகடைகள் குதிக்கும்.

ஆட்டத்துக்கு நடுவே அவர் போன் அடித்துக்கொண்டே இருக்கும். எல்லாம் வீட்டிலிருந்துதான். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டில் இருந்தார், அண்ணனுக்கு அவர் இன்றும் பாப்பாதான். அண்ணன், அண்ணி, வேலைக்குப் போகிற இரண்டு பெரிய மருமகன்கள், அதாவது அண்ணன் பிள்ளைகள். நாலு பேரும் நன்றாக நடமாடுகிறவர்கள். ஆனால் அண்ணனுக்குச் சுகர் மாத்திரை எந்த டப்பாவில் என்று தெரியாது. அண்ணிக்குப் பிரஷர் மாத்திரையை இவர் பிரித்துக் கையில் வைக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தலைவலித் தைலம் எங்கே என்பதுகூட அத்தையைக் கேட்டால்தான் தெரியும். "மேல் தட்டுல, பச்சை டப்பா. பச்சை! அது நீலம்டா" என்று போனில் கத்திக்கொண்டே ஒரு கையால் பகடையை உருட்டுவார்.

இதையெல்லாம் அவர் குறையாகச் சொன்னதில்லை. ஒரே ஒரு விஷயம்தான் அவர் நெஞ்சில் முள்ளாக இருந்தது. பதவி உயர்வு. இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். வெளியூர் போக வேண்டும் என்பதால் வீட்டில் விடவில்லை. விடவில்லை என்றால் யாரும் கட்டிப்போடவில்லை. முதல் முறை பெட்டியோடு வாசலுக்கு வந்தபோது அண்ணனுக்குச் சுகர் இறங்கிவிட்டது. அடுத்த முறை அண்ணி மயங்கி விழுந்துவிட்டார். இவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நாடியைப் பிடித்தார். பஸ் போய்விட்டது.

"நடிக்கறாங்களா?" என்று ஏழுமலை பச்சையாகவே கேட்டான்.

"நடிப்பா நெசமான்னு பாக்கவே நான் உக்காரணும் இல்லப்பா? உக்காந்துட்டா எழுந்திருக்க முடியாது. ஒருத்தர் விழுந்து கெடக்கறாங்கன்னா என் காலு அந்த எடத்தை விட்டு நகராது. அது என் புத்தி, என்னா பண்றது" என்றார். "இன்னொரு தடவை வரும். அதுதான் கடைசி. அதையும் வுட்டேன்னா இந்த டயரு தண்ணியைக் கவுத்துக்கிட்டே ரிட்டயர் ஆவவேண்டியதுதான்."

அவர் கேட்டு வைத்திருந்த இடம் ஜவ்வாது மலைப் பக்கம். ஏன் மலை என்று கேட்டால், "பொறந்ததுலேர்ந்து தட்டையாவே பாத்துட்டேன். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் உப்பு. பெருமுக்கல் மலை ஒண்ணுதான் நான் ஏறுன மலை. அதுவும் ஏறி முடிக்கறதுக்குள்ள வூட்டுலேர்ந்து போன்" என்பார்.

நாங்கள் கேட்டுக்கொண்டோம், வருத்தப்பட்டோம், மறுபடி ஆட்டத்துக்குப் போனோம். உண்மையைச் சொன்னால் அவரை நாங்களும் கசக்கிப் பிழிந்துகொண்டுதான் இருந்தோம். ஏழுமலையின் வீரன் குடல் சரிந்து கிடப்பான். என் வைத்தியர் மந்திரம் பலிக்காமல் முழித்துக்கொண்டிருப்பார். எல்லோரும் நர்சக்காவைப் பார்ப்போம். "அக்கா, நீங்க கட்டுப் போட்டா ஆகும்க்கா, அன்வர் பாய் ஒத்துக்குவாரு." அவர் அசைய மாட்டார். "பூட்டு ஏதாவது இருந்தா சொல்லுங்க. இல்லன்னா நான் அந்த மூலையில உக்காந்து ஊறுகா துன்னுக்கினு இருக்கேன்." ஒருமுறை ஏழுமலை நிஜமாகவே கோபித்துக்கொண்டு காகிதத்தைக் கிழித்துவிட்டான். அப்போதும் அசையவில்லை.

அடுத்த வாரம் அதே ஏழுமலை தூண்டில் முள் ஏறிய கையோடு வந்தான். துணியைச் சுற்றிக்கொண்டு, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே பகடையை எடுத்தான். மேஜையில் ரத்தம் சொட்டியது. நர்சக்கா ஒரே பார்வைதான். எழுந்தார், அவன் காலரைப் பிடித்தார், கீழே குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். திட்டிய திட்டு தெருமுனை வரைக்கும் கேட்டது. அவன் தாய், தகப்பன், போட், வலை எதையும் விடவில்லை. கழுவி, சுத்தம் செய்து, கட்டிவிட்டு, என் வண்டியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டுத் திரும்ப அழைத்துவந்தார். மேலே வந்து உட்கார்ந்ததும் ஏழுமலை பல்லைக் காட்டினான். "அப்ப வைத்தியம் பாப்பீங்க இல்ல?"

"அது நானு. இங்க இருக்கறது மல்லிகா. ரெண்டையும் போட்டுக் கொழப்பினே, அந்தக் கட்டைப் பிரிச்சுடுவேன்" என்றார். அதற்குப் பிறகு அவரிடம் யாரும் வைத்தியம் கேட்கவில்லை. நானும் வேறு வழியில்லாமல் ஒழுங்காக வைத்தியம் ஆடக் கற்றுக்கொண்டேன். விழுந்தவனிடம் முதலில் ஓடுவது என் வேலை என்பது மெல்ல மெல்ல மண்டையில் ஏறியது.

மூன்றாவது ஆர்டர் அந்த மழைக்காலத்திலேயே வந்தது. ஜவ்வாது மலையேதான். திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். நர்சக்கா அதை எங்களிடம் ஒரு கோட்டைக் கதை மாதிரிதான் சொன்னார்.

"ஒரு வூடு இருக்குது. உள்ள நான் இருக்கறேன். என்னை வெளிய எடுக்கணும். யார் யார் என்னென்னா பண்ணுவீங்க?"

"சொல்லாம கெளம்பிடுங்கக்கா" என்றார் கவிதா டீச்சர்.

"சேச்சே. சொல்லிட்டுத்தான் போவேன். அண்ணன் அண்ணி அவங்க. சொன்னதும் யாராவது ஒருத்தர் விழுவாங்க. அப்பதான் எனக்கு நீங்க வேணும்."

பெட்டியோடு வாசலில் நின்றால் காரியம் கெட்டுவிடும் என்று, பெட்டியை முன்னாலேயே வெளியேற்றத் தீர்மானித்தோம். தினமும் வேலைக்குப் போகும்போது நீலநிறத் தடுப்பூசிப் பெட்டிக்குள் ஒரு புடவையை மடித்து வைத்து எடுத்துவந்தார். சொந்த வீட்டில், சொந்தப் புடவையை, பூனை நடை நடந்து திருடினார். என் செட்டில் வந்து அதை எடுத்து வைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதன் முன்னால் ஊறுகாய் ஜாடி எல்லாம் தூசு. நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். புடவைகளை உப்பு மூட்டைகள் மேலேயே அடுக்கிவிட்டேன். மழைக்காலத்தில் உப்பு ஈரத்தை எப்படி இழுக்கும் என்று தெரியாதவனா நான்? தொழிலே அதுதான். எல்லாம் சொதசொதவென்று ஆகிவிட்டது. கவிதா டீச்சர் என்னைக் கேவலமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, அள்ளிக்கொண்டு போய்த் தன் வீட்டில் காயவைத்துத் தேய்த்து வைத்தார்.

யார் எப்போது என்பதற்கு, ஆட்டத்தில் சண்டை தொடங்குமுன் முறை வைப்பது போலப் பகடை உருட்டினோம். முதலில் ஏழுமலை: அண்ணன் எதிரே நின்று திட்டு வாங்க வேண்டும். அடுத்து கவிதா டீச்சர்: அண்ணியைப் பேச்சில் பிடித்து வைக்க வேண்டும். பிறகு நர்சக்கா வெளியேற வேண்டும். கடைசியில் நான், யாராவது விழுந்தால். அதற்காகப் பட்டனைத் தட்டினால் பிரஷர் காட்டும் மிஷின் ஒன்றைத் திண்டிவனத்தில் வாங்கி வந்து, போகிற வருகிறவன் கையில் எல்லாம் கட்டிப் பழகினேன். அன்வர் பாய் பெட்டியை ஏற்றிக்கொண்டு தெருமுனையில் காரோடு நின்று, அவரைத் திண்டிவனத்தில் பஸ் ஏற்றிவிடுவது என்று ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை காலை, தூறல். ஏழுமலை ஒரு வஞ்சிரத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம். பிரியமாகத்தான் உட்காரச் சொன்னார்கள். அண்ணன் உள்ளே பார்த்து, "மல்லிகா, காபி போடு, பாப்பாவோட ஆளுங்க வந்திருக்காங்க" என்று குரல் கொடுத்தார்.

மல்லிகா! ஏழுமலைக்குக் கையிலிருந்த மீனே நழுவிவிட்டது. இத்தனை மாதமாக நாங்கள் திருடி, கள்ளி, கைகாரி என்று ஏசிக்கொண்டிருந்தது அண்ணியின் பெயரைச் சொல்லித்தானா! நர்சக்காவைப் பார்த்தேன். விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்.

காபி வந்தது. அண்ணி தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு நிமிர்ந்ததும் நர்சக்கா எழுந்தார்.

"அண்ணா, எனக்கு ஆர்டர் வந்திருக்குது. நாளைக்கு ஜாயின் பண்ணணும். இப்ப கெளம்பறேன். அண்ணி, போயிட்டு வர்றேன்."

சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தார். திட்டப்படி அண்ணன் கத்த வேண்டும், ஏழுமலை குறுக்கே நிற்க வேண்டும். அண்ணன் கத்துவதற்கு வாயைத் திறக்கும் முன்பே அண்ணி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, அப்படியே படுத்துவிட்டார்.

எதிராளி முதலில் ஆடினால் என்ன செய்வது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. ஏழுமலை கவிதா டீச்சரைப் பார்த்தான். டீச்சர் அவனைப் பார்த்து, "முதல்ல நீதானே?" என்றார். "என்னை இன்னும் யாரும் திட்டலையே!" என்றான் அவன். இப்படி ஒரு கூறுகெட்ட கூட்டத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்களா? மனுஷி தரையில் கிடக்கிறாள், மூன்று பேரும் வரிசை பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

"பாப்பா! வந்து பாரு, அண்ணி வுழுந்துட்டா!" என்று அண்ணன் அலறினார்.

நர்சக்கா வாசல்படியில் நின்றுவிட்டார். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. முகம் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. கை தானாகத் தோள்பையைத் துழாவியது. நாடி பிடிக்கப் போகிறார், தெரிந்துவிட்டது. வந்து உட்கார்ந்தால் முடிந்தது. பஸ், மலை, ஆர்டர் எல்லாம் போச்சு.

என் முறை வரவில்லைதான். வரவில்லை என்றால் என்ன? தம்ளரைக் கீழே போட்டுவிட்டு அண்ணியின் பக்கத்தில் போய் விழுந்தேன். கையில் பட்டையைச் சுற்றினேன். பட்டனைத் தட்டினேன். மிஷின் கொர்ரென்று காற்றை ஏற்றி இறக்கி எண்ணைக் காட்டியது.

"எவ்ளோ காட்டுது?" என்றார் நர்சக்கா வாசலிலிருந்து.

நான் மிஷினை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"தம்பி, எவ்ளோன்னு கேக்கறேன்."

"சொல்ல மாட்டேன்க்கா."

"டேய்!"

"நீங்க எதுக்குக் கேக்கறீங்க? நான் பாத்துக்கறேன். மூச்சு நல்லா இருக்குது, கையைப் புடிச்சா திரும்பப் புடிக்கறாங்க. ஒண்ணுன்னா வண்டி கூப்புட்டு ஆஸ்பத்திரிக்கு நானே தூக்கினு போறேன். இங்க உங்களுக்கு வேலை இல்ல. போங்கக்கா."

"ஏய், நீ யார்ரா எங்க வூட்ல வந்து பேசறதுக்கு?" என்று அண்ணன் என் மேல் பாய்ந்தார். அப்போதுதான் ஏழுமலைக்கு உயிர் வந்தது. கருவாட்டு உடம்பை நிமிர்த்திக்கொண்டு குறுக்கே போய் நின்றான். "என்னைத் திட்டுங்கண்ணே. இவனை வுடுங்க, என்னைத் திட்டுங்க" என்றான். அண்ணன் திட்டினார். அப்படி ஒரு திட்டை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. அவன் கையைக் கட்டிக்கொண்டு ஆனந்தமாக வாங்கிக்கொண்டிருந்தான். கவிதா டீச்சர் குனிந்து அண்ணியின் முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

நான் வாசலைப் பார்த்தேன். படியில் யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

அண்ணி கண்ணைத் திறந்தார். என்னையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். "போயிட்டாளா?" என்றார். ஆமாம் என்றேன். எழுந்து உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நடிப்பில்லை, நெஞ்சு குலுங்கக் குலுங்க அழுதார். "மாத்திரை எடுத்துத் தர ஆளில்லேன்னு சொல்லியா அழுவறேன்? இந்த வூட்ல நான் ஒரு வார்த்தை பேசறதுக்கு அவளை வுட்டா யார் இருக்கா?" என்றார். அதற்கு என் மிஷினில் பட்டன் இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் திட்டி ஓய்ந்துபோய், அலமாரி முன்னால் நின்று, ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தார். அண்ணியின் மாத்திரையை அவரே கண்டுபிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் அன்று மாலை வரை மூன்று தடவை பிரஷர் பார்த்தேன். எல்லாவற்றையும் நேரத்தோடு ஞாபகம் வைத்துக்கொண்டேன். நர்சக்கா போன் செய்வார், எடுத்ததும் அண்ணி எப்படி என்றுதான் கேட்பார், சொல்லத் தயாராக இருக்க வேண்டும். அதோடு ஒரு பயமும் இருந்தது. நான் சொல்கிற எண் பிடிக்காவிட்டால் அந்தம்மா அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடும்.

நாங்கள் நாலு பேரும் செட் மாடியில் போனை மேஜை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இருட்டுகிற நேரத்துக்கு அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சொல்லுங்கக்கா" என்றேன்.

"தம்பி, வந்து சேந்துட்டேன். இங்க எந்தப் பக்கம் பாத்தாலும் மலைடா! வானத்தைப் பாக்கணும்னா தலையை இவ்ளோ தூரம் அண்ணாந்து பாக்கணும். கழுத்து வலிக்குது" என்று சிரித்தார். குளிர் பல்லைத் தட்டுகிறதாம். ரூமுக்குப் பின்னாலேயே பலா மரமாம். டீக்கடைக்காரர் சாமை அடை சுட்டுக் கொடுத்தாராம், அது என்ன ருசி என்று ஏழுமலையிடம் சொல்ல வேண்டுமாம். நாளைக்குச் சாயந்திரம் ஆபீஸ் முடிந்ததும் எதிரே இருக்கும் மலையில் பாதி தூரமாவது ஏறிப் பார்க்கப்போகிறாராம். மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனார். நான் எண்களை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"சரி, வெச்சிடறேன். பசிக்குது" என்றார். வைத்துவிட்டார்.

நாங்கள் நாலு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கேக்கல" என்றான் ஏழுமலை மெல்ல.

"கேக்கவே இல்லப்பா" என்றார் அன்வர் பாய்.

எனக்குக் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம். கவிதா டீச்சர் எழுந்து நின்று கை தட்டினார், ஏழுமலை நாற்காலி மேல் ஏறி ஓவென்று கத்தினான். கீழே மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் என்னவோ ஏதோ என்று படியேறி வந்து பார்த்தார்கள்.